முதல் ஆளாப் போறவன்

உக்காருங்க தம்பி. நின்னுக்கிட்டே டீ குடிச்சா கால் வலிக்காதா. நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாக, அதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கு. கொஞ்சம் அந்த ஓரமா உக்காருங்க, நடுவுல காத்து வரட்டும். உள்ள யாரு, அம்மாவா? இடுப்பெலும்பா? எலும்புக்கு ஒண்ணும் பயமில்ல தம்பி, இன்னிக்கு இல்லாட்டி ஒரு மாசத்துல கூடிரும்.

இது இருமல் இல்ல, பயப்படாதீக. தொண்டையில ஒரு செருமல். மழைநாள்ல எனக்கு வழக்கம்தான். எழுபத்திமூணு வயசுத் தொண்டை, செருமத்தான் செய்யும்.

எனக்கும் உள்ள ஆள் இருக்கு. சவரிமுத்துன்னு பேரு. ரெண்டாவது மாடி, ஆம்பளைக வார்டு, பதினொண்ணாம் நம்பர் கட்டில். நெஞ்சுல சளி கட்டி, மூக்குல ஆக்சிஜன் குழாய் வச்சுப் படுத்திருக்கான். ஒன்பது நாளா தினமும் ஊர்ல இருந்து பஸ் ஏறி வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்துட்டுப் போறேன். உள்ள போகலையான்னு கேப்பீக. போக மாட்டேன். என்னை ஒருத்தி கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுப் பேசினா. அதுக்கப்புறம் நானா இறங்கிப் போறதா? மானம்னு ஒண்ணு இருக்கா இல்லையா.

நான் யாருன்னே சொல்லலையே. பேரு பெத்தணசாமி. அருப்புக்கோட்டைக்குத் தெக்க ஒரு சின்னப் பேரூராட்சியில முப்பத்தொரு வருஷம் பில் கலெக்டர். வீட்டு வரி, தண்ணி வரி, தொழில் வரி. பில் கலெக்டர் தெருவுக்குள்ள வந்தா ஜனங்க என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியும். அடுப்புல குழம்பு கொதிக்கிற வாசம் தெருமுக்கு வரைக்கும் வரும், ஆனா கதவுக்கு உள்ளாற யாரும் இருக்க மாட்டாக. சின்னப் பிள்ளை வந்து, "எங்கப்பா இல்லேன்னு எங்கப்பா சொல்லச் சொன்னாரு"ம்பான். முப்பத்தொரு வருஷம் தம்பி. சாத்துன கதவைப் பாத்துப் பாத்தே என் தலைமுடி நரைச்சது.

இந்த சவரிமுத்து அதே பேரூராட்சியில தண்ணி திறந்து விடுற ஆளு. அவனைக் கண்டா ஊரே கும்பிடும். ஒரு நாள் சொன்னான், "பெத்தணா, நீ தட்டாத, நான் தட்டுறேன்". அவன் தட்டினா, தண்ணி வருதாக்கும்னு குடத்தைத் தூக்கிட்டு ஓடி வந்து கதவைத் திறப்பாக. அவன் முதுகுக்குப் பின்னால இருந்து நான் ரசீதுப் புத்தகத்தோட வெளிய வருவேன். அப்படி எத்தனை வீடு. அவன் பேரு கெட்டுப்போச்சு, ஆனாலும் எனக்காகத் தட்டினான். அதை நான் மறக்கலை. மறக்கலைங்கிறதைக் குறிச்சுக்கோங்க.

ரிட்டையர் ஆனதும் ஓய்வூதியர் சங்கத்துக்கு என்னைச் செயலாளரா போட்டாக. பதினஞ்சு வருஷமா நான்தான் செயலாளர், போட்டி கிடையாது. அப்பதான் ஒரு வேலையைக் கையில எடுத்தேன். எந்த உறுப்பினருக்கு உடம்பு முடியலைன்னாலும் சங்கத்து சார்பா முதல் ஆளாப் போய்ப் பாக்கிறது. நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்னு சொல்லுவாகளே. மனுசன் படுத்துக் கிடக்கிறப்ப எட்டிப் பாக்காதவனை, அவன் சாகுற வரைக்கும் மறக்க மாட்டான். "நான் கிடையா கிடந்தப்ப வந்து பாத்தியா?"ன்னு ஒரு கேள்வி கேட்டா, அண்ணன் தம்பி உறவே அறுந்து போகும்.

நான் போறது சும்மா தலையைக் காட்டிட்டு வர்றது இல்ல. அரை டஜன் சாத்துக்குடி, ஒரு ரொட்டிப் பாக்கெட்டு. போனதும் கட்டில்லயே உக்காருவேன். நாற்காலியில உக்காந்தா அது ஆபீசர் வந்த மாதிரி. கையைப் பிடிச்சுக்குவேன். காது கேக்காத ஆளுக நிறைய, அதனால முகத்துக்கிட்டக் குனிஞ்சு பேசுவேன். அரை மணி நேரமாவது இருப்பேன். கிளம்பறப்ப திருநீறு பூசி விடுவேன், சவரிமுத்து மாதிரி ஆளுகளுக்கு நெத்தியில சிலுவை போட்டு விடுவேன். எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். தேதி, நேரம், ஆள் பேரு, என்ன சங்கடம், குறிப்பு. பதினஞ்சு வருஷத்துல ஒரு ஆள் விட்டுப்போகலை.

ஒரு விஷயம் சொல்றேன் தம்பி, சிரிக்காதீக. நான் வர்றேன்னு தெரிஞ்சா இப்ப கதவைத் திறந்து வைக்கிறாக. "செயலாளர் வந்திருக்காரு, காப்பி போடு"ங்கிறாக. அதே வீடுக. அதே கதவுக. எனக்கு அது எப்படி இருக்கும்னு உங்களுக்கு விளங்காது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த ஐப்பசியில மழை பிடிச்சுச்சுல்ல, அப்ப முனியாண்டி வாத்தியாருக்குக் காய்ச்சல். பேரன் பள்ளிக்கூடத்துல இருந்து கொண்டாந்தது. முதல் ஆளாப் போயிட்டேன். வாத்தியார் நாலு நாள்ல எந்திரிச்சிட்டாரு, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. எனக்கு ரெண்டு நாள் கழிச்சு லேசா தொண்டை கட்டினது. காய்ச்சல் கிடையாது, படுக்கை கிடையாது. ஒரு சுக்குக் காப்பி, அவ்வளவுதான். என் வீட்டுக்காரி பாக்கியம், "ரெண்டு நாள் வீட்டுல கிடந்தா என்ன?"ன்னா. செயலாளர் வீட்டுல கிடந்தா சங்கம் எப்படி ஓடும்?

அந்த வாரம்தான் ஆவுடையம்மா கண் ஆபரேஷன் பண்ணிட்டு வந்தாக. சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டையர் ஆன அம்மா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு சினிமா நடிகை மாதிரி உக்காந்திருந்தாக. அரை மணி நேரம் என்ன, ஒரு மணி நேரமே பேசிக்கிட்டு இருந்தேன். அடுத்து சவரிமுத்து. மழையில முத்தத்துல வழுக்கிக் கணுக்கால் சுளுக்கு. அவன்கிட்ட அரை நாள் இருந்தேன், கேரம் ஆடினோம், ஒரே தட்டுல முறுக்கு தின்னோம்.

அப்புறம் ஆவுடையம்மாவுக்கு இருமல் வந்துச்சு. வந்தா என்ன, அதுக்கும் போனேன். இருமல் வந்த பத்தாம் நாள் அந்தம்மா... அவுகளுக்குச் சர்க்கரை இருந்தது தம்பி. எழுபத்தெட்டு வயசு. அதை விடுங்க.

அதுக்கு முந்தியே சவரிமுத்துக்கும் உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டு ரெண்டாம் தடவை போனேன். சோறு இறங்கலைன்னு அவன் மக ஜெசிந்தா சொன்னா. இஸ்கூல் டீச்சர், கல்யாணமாகி அப்பன் வீட்டோட இருக்கிற பொண்ணு. என் தோள்ல தூக்கிட்டு அலைஞ்ச பிள்ளை. கழுத்துல புறங்கையை வச்சுப் பாத்தேன், காய்ச்சலே இல்லை. ஆனா பேச்சுத்தான் ஒரு மாதிரி. "பெத்தணா, மேட்டுத்தெரு வால்வை மூடிட்டியா?"ங்கிறான். ரிட்டையர் ஆகி பன்னெண்டு வருஷமாச்சு, எந்த வால்வு? சட்டையை உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருந்தான். ஜெசிந்தா, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா மாமா?"ன்னு கேட்டா.

நான்தான் வேணாம்னேன். காய்ச்சல் இருந்தாத்தான நோயி. "வயசாச்சும்மா, புத்தி கொஞ்சம் தடுமாறும். மழையில அவனை ஏன் அலைக்கழிக்கிற, ரெண்டு நாள் கஞ்சி குடு, சரியாப் போகும்"னேன். அனுபவத்துல சொன்னேன். பதினஞ்சு வருஷமா நோயாளியப் பாக்கிறவன், எனக்குத் தெரியாதா?

ரெண்டு நாள் கழிச்சு மூணாவது தடவை போறேன். நல்ல மழை. ஒரு கையில குடை, ஒரு கையில சாத்துக்குடி. கேட்டுல பூட்டு தொங்குது. கூப்பிட்டேன். ஜெசிந்தா வாசல்ல வந்து நின்னா, கேட்டுக்கிட்டக்கூட வரலை.

"மாமா, அப்பாவுக்கு நிமோனியான்னு டாக்டர் சொல்லிட்டாரு. எக்ஸ்ரே எடுத்தாச்சு. யாரையும் பக்கத்துல விடவேணாம்னு சொல்லியிருக்காரு."

"யாரையும்னா என்னையுமா?"

"நீங்க இருமுறீகளே மாமா."

"இருமலா? இது செருமல்மா."

"பழத்தைக் கேட்டுல மாட்டிட்டுப் போங்க மாமா. நான் எடுத்துக்கிறேன்."

மாட்டிட்டுப் போங்க. பால்காரன்கிட்டச் சொல்ற மாதிரி. பூட்டுன கேட்டு எனக்குப் புதுசு இல்ல தம்பி, ஆனா சவரிமுத்து வீட்டுக் கேட்டு பூட்டிப் பாத்ததில்ல. உள்ள அவன் இருமுறது எனக்குக் கேக்குது. நான் நிக்கிறது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ. சொல்லக் கூச்சமா இருக்கு, அந்த மழையில நின்னு அழுதுட்டேன். பழத்தை மாட்டலை. திருப்பிக் கொண்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அழுகை போயி ஆத்திரம் வந்துச்சு. சங்கத்துச் செயலாளரை, நலம் விசாரிக்கப் போன இடத்துல வாசலுக்கு வெளிய நிறுத்துறதுன்னா அது என்னையா நிறுத்துனது? சங்கத்தையே நிறுத்துனது. மறுநாளே அவசரக் கூட்டம் போட்டேன். கண்டனத் தீர்மானம் எழுதினேன். "உறுப்பினர் திரு. சவரிமுத்து அவர்களை நலம் விசாரிக்கச் சென்ற செயலாளரை உள்ளே அனுமதிக்க மறுத்த அவரது மகளின் செயலை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது". நல்ல தமிழ். வரி கட்டாதவனுக்கு நோட்டீஸ் எழுதிப் பழகின கை.

இருபத்திரெண்டு பேர் வந்திருந்தாக. வாசிச்சு முடிச்சேன். ஆதரிக்கிறவுக கை தூக்கலாம்னேன். அப்ப லோகமணி எந்திரிச்சா. ஊர் ஊரா சைக்கிள்ல போயி பிள்ளைகளுக்கு ஊசி போட்ட நர்சம்மா, இப்ப ரிட்டையர். அவளுக்கும் எனக்கும் ஆடி மாசத்துல இருந்தே ஒத்துக்காது. அப்ப ஒரு கூட்டத்துல, சளிக் காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் வயசானவுகளுக்குத் தடுப்பூசி இருக்கு, டாக்டரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் விவரம் சொல்லச் சொல்லுவோம்னா. நான்தான் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வச்சேன். ஊசி போட நாங்க என்ன தொட்டில் பிள்ளைகளான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாக. அவ சிரிக்கலை.

இப்ப எந்திரிச்சவ, "செயலாளரே, அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க"ன்னா. நான் பெருமையாத்தான் குடுத்தேன். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நின்னபடியே வாசிச்சா. பிரசவக் கணக்கு வாசிக்கிற குரல், ஏத்தம் இறக்கம் கிடையாது.

"ஏழாம் தேதி, ஆவுடையம்மாள், கண் அறுவை சிகிச்சை. குறிப்பு: செயலாளர் தமது தொண்டைக்கட்டையும் பொருட்படுத்தாது நேரில் சென்றார். எட்டாம் தேதி, சவரிமுத்து, கணுக்கால் சுளுக்கு. குறிப்பு: செயலாளர் இருமலையும் பொருட்படுத்தாது அரை நாள் உடனிருந்தார். பதினொண்ணாம் தேதி, ஆவுடையம்மாள், இருமல். பதிமூணாம் தேதி, சவரிமுத்து, உணவு செல்லவில்லை, பேச்சில் தடுமாற்றம்."

வாசிச்சுட்டு நோட்டை மூடி என் கையிலேயே குடுத்தா. நான்தான் கேட்டேன், "என்ன சொல்ல வர்ற? நானா கொண்டு போனேன்? எனக்குக் காய்ச்சலே வரலையே. சவரிமுத்துக்கும்தான் காய்ச்சல் இல்லை, அது எப்படி நிமோனியாவாகும்?"

"வயசானவுகளுக்குக் காய்ச்சல் அடிச்சுத்தான் ஆகணும்னு சட்டமா இருக்கு? சோறு இறங்காது, பேச்சு தடுமாறும், படுத்த படுக்கையாயிருவாக. அதுதான் அறிகுறி. அந்தப் பொண்ணு கேட்டைப் பூட்டினதுக்கு நாம மாலை போடணும்"னா.

ஓட்டுக்கு விட்டேன். விடாம இருப்பேனா. கையைத் தூக்குங்கன்னு சொல்லி என் கையைத் தூக்கினேன். இருபத்திரெண்டு பேர்ல ஒரு கைதான் மேல இருந்தது. முனியாண்டி வாத்தியார், என்கிட்ட சாத்துக்குடி வாங்கித் தின்ன மனுசன், சன்னலுக்கு வெளிய மழையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. தீர்மானம் தோல்வின்னு நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். ராஜினாமா குடுப்பேன்னு எதிர்பாத்தாக. குடுக்கலை. ஏன் குடுக்கணும்? பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு கட்டில்லயும் உக்காந்தவன் நான். நான் செஞ்சது தப்புன்னா அப்ப பாசம்னா என்ன, வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு இருக்கிறதா? பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். ஊருல சளி இல்லாத வீடு எது? காத்துல வந்திருக்கும், தண்ணியில வந்திருக்கும். என் மேல எழுதுறது சுலபம், ஏன்னா நான்தான் எழுதி வச்சிருக்கேன்.

அன்னிக்குச் சாயங்காலமே சவரிமுத்துக்கு மூச்சு முட்டிப்போயி, ஆம்புலன்ஸ்ல இங்க கொண்டாந்துட்டாக.

அதுல இருந்து ஒன்பது நாள். என்னைப் பாத்து இந்த டீக்கடைக்காரர் கேக்கிறாரு, "பெரியவரே, தினம் வர்றீக, உள்ள யாரையும் தெரியாதா?"ன்னு. தெரியும்யா. ரெண்டாவது மாடியில, அந்த வேப்பமரத்துக்கு நேரா தெரியுது பாருங்க, அந்தச் சன்னலுக்குப் பின்னால எனக்கு ஆள் இருக்கு. நான் போக மாட்டேன், அவ்வளவுதான். கேட்டைப் பூட்டினவ வந்து கூப்பிடட்டும்.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீக? கூப்பிட்டாளான்னா? கூப்பிட்டா. நேத்து இறங்கி வந்தா. ஒன்பது நாள்ல பாதியாயிட்டா பிள்ளை, கண்ணைச் சுத்திக் கருவளையம். "மாமா, அன்னிக்கு நான் பேசினது தப்புத்தான். அப்பாவுக்கு நினைவு தெளிவா இருக்கு, உங்களைத்தான் கேக்குறாரு. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க"ன்னு கையைப் பிடிக்க வந்தா. நான் சட்டுன்னு எந்திரிச்சுத் தள்ளிப் போயிட்டேன். "வரமாட்டேன்மா. வரமாட்டேன்னா வரமாட்டேன், போ"ன்னு சொல்லிட்டேன். எனக்கு இன்னும் கோவம் தீரலைன்னு நினைச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே ஏறிப் போயிட்டா. நினைக்கட்டும்னு விட்டுட்டேன்.

என் வாழ்க்கையில ஒருத்தர் படியிறங்கி வந்து, உள்ள வாங்கன்னு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை தம்பி. நான் போகலை.

இருமல் நிக்கலை. வந்து மூணு வாரமாச்சு, இன்னும் நிக்கலை. வீட்டுல வெந்நியில ஆவி பிடிச்சு, மருந்துக்கடையில கேட்டுக் குடிச்சு, எல்லாம் பாத்தாச்சு. இன்னிக்காவது நிக்கும், இன்னிக்காவது மேல ஏறிப் போயிறலாம்னு தினமும் பஸ் ஏறுறேன். கரிசல்காட்டைத் தாண்டுறதுக்குள்ள ஆரம்பிச்சிருது. ஆவுடையம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழட்டி, "இப்பதான் செயலாளரே உங்க முகம் தெளிவாத் தெரியுது"ன்னு என் முகத்தைக் கிட்டக்க பாத்தாக. நானும் நல்லாப் பாத்துக்கோங்கன்னு குனிஞ்சேன். அது ராத்திரியும் பகலும் கண்ணுக்குள்ளயே நிக்குது. லோகமணி சொன்னது சரின்னு நான் ஒத்துக்கலை. கூட்டத்துல ஒத்துக்க மாட்டேன், செத்தாலும் ஒத்துக்க மாட்டேன். ஆனா சவரிமுத்தை வச்சு அதைச் சோதிச்சுப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. எனக்கு அவன் வேணும் தம்பி. அவன் இல்லாட்டி அந்த ஊருல என் பேரைச் சொல்லிக் கதவு தட்ட ஆள் கிடையாது.

மணி அடிச்சுட்டான், கிளம்புங்க. ஒரு உதவி. ரெண்டாவது மாடியில பதினொண்ணாம் நம்பர் கட்டில்ல போயி, கீழ பெத்தணசாமி உக்காந்திருக்கான்னு ஒரு வார்த்தை... இல்ல, வேணாம். போகாதீக. முக்கால் மணி நேரமா என் பக்கத்துல உக்காந்திருக்கீக. அவன்கிட்டப் போக வேணாம். உங்க அம்மாகிட்டப் போறதுக்கு முந்தியும், அந்த மருந்துக்கடையில ஒரு மாஸ்க் வாங்கி மாட்டிக்கிட்டு, கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போங்க. கட்டில்ல உக்காராதீக.

சவரிமுத்து நான் கோவத்துல வரலைன்னே நினைச்சுக்கிட்டுக் கிடக்கட்டும். பிழைச்சு வந்து, "நான் கிடையா கிடந்தப்ப எட்டிப் பாத்தியாடா?"ன்னு நடுத்தெருவுல என் சட்டையைப் பிடிச்சு உலுக்கட்டும். பாக்கலைடான்னு சொல்லிட்டு நிப்பேன்.